அச்சு இரட்டையும் ஆட்ட இரட்டையும்

ஆலங்கிணறு என்று ஓர் ஊர் உண்டு. பம்பாய் வண்டி அங்கே ஒரு நிமிஷம் நிற்பதால் உண்டு, நாளைக்கு அது நிற்காமல் போய்விட்டால் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த கவுன்சிலர் சுயம்புலிங்கத்துக்கு மூக்கு இரட்டையாகிவிட்டது. இரண்டு மூக்கு முளைத்தது என்று அர்த்தமில்லை. அதே மூக்குதான், ஆனால் அதன் விளிம்பு ஒரு நூல் தள்ளி இன்னொரு தடவை வரைந்தாற்போல் இருந்தது, மூக்குக்குப் பிறகு காது, காதுக்குப் பிறகு தோள், தோளுக்குப் பிறகு தொப்பை என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆள் மொத்தமும் இரட்டைக் கோட்டோடு நடமாட ஆரம்பித்தார். ஏற்கெனவே இரண்டு வீடு, இரண்டு கட்சி என்று வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு இது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை.

ஏன், எதனால் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு காரியம் நடந்தால் முதல் கேள்வி, இதனால் நமக்கு என்ன கிடைக்கும் என்பது. இரண்டாவது கேள்வி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நம்மைவிட அதிகமாகக் கிடைத்துவிடுமோ என்பது. மூன்றாவது கேள்விக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வாரம் முடிவதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு இரட்டை வந்துவிட்டது, நாங்களும் அதற்குத் தக்கபடி வாழப் பழகிவிட்டோம். போட்டோ ஸ்டுடியோக்காரர் பாஸ்போர்ட் சைஸுக்கு ரேட்டை ஏற்றினார். டவுன் பஸ் கண்டக்டர் இரட்டையாக இருப்பவர்களிடம் இரண்டு டிக்கெட் கேட்டு, அடி வாங்கி, ஒன்றே போதும் என்று ஒத்துக்கொண்டார். கோயிலில் அர்ச்சகர் ஒரே நட்சத்திரத்தை இரண்டு தடவை சொல்லி இரண்டு தட்டுக் காசுக்கு அடிபோட்டார், சாமிக்கு ஒரு தடவை சொன்னாலே கேட்காத ஊரில் அது செல்லுபடியாகவில்லை.

இந்த ஊரில் ஒரு நாணயவியல் கழகமும் இருந்தது, இருந்தது என்பது அதன் உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும். மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். தலைவர், பாத்திரக்கடை ஆவுடையப்பன். செயலாளர், தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெபஸ்டின். மற்றவர்கள் மின்விசிறிக்காக வருகிறவர்கள். எவனோ ஒருவன் போனில் 'இந்த ஐந்து ரூபாய் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று வீடியோ போட்ட நாளிலிருந்து, உண்டியலை உடைத்துக்கொண்டு மாடியேறி வருகிற ஜனத்துக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் ஆவுடையப்பனின் வேலை, பொழுதுபோக்கு, சந்தோஷம் எல்லாம்.

எழுத்து இரட்டையாகத் தெரிகிற காசெல்லாம் லட்சத்துக்குப் போகாது. காசு அடிக்கிற அச்சைச் செய்கிறபோதே அதில் உருவம் கொஞ்சம் விலகி இரண்டு தடவை பதிந்துபோனால் அது அச்சு இரட்டை. அந்த அச்சில் பிறக்கிற காசு அத்தனையும் அதே இரட்டையோடு பிறக்கும், எழுத்து உருண்டு பருத்து நிற்கும், முனைகள் பாம்பு நாக்குபோலப் பிளந்திருக்கும். அதற்கு விலை உண்டு. ஆனால் அச்சில் ஒரு குறையும் இல்லாமல், மெஷினில் அதைப் பிடித்திருக்கிற பிடி தளர்ந்து, காசு அடிபடுகிற நேரத்தில் லேசாக ஆடிவிட்டால் அது ஆட்ட இரட்டை. எழுத்தின் ஓரம் நசுங்கி, படிக்கட்டுபோலத் தட்டையாகக் கிடக்கும், அந்த இரண்டாவது கோடு வேறெங்கிருந்தும் வந்ததல்ல, எழுத்தின் சதையிலிருந்தே வழித்து எடுத்தது, அதனால் எழுத்து மெலிந்துபோயிருக்கும். அதற்கு விலை கிடையாது.

"அதுல கூடியிருக்கும், இதுல கொறஞ்சிருக்கும்" என்பார் ஆவுடையப்பன். "கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு பாக்கத் தெரியாதவனுக்குக் கண்ணு எதுக்குவே?"

மகளின் காதுகுத்துக்கு அந்த ஒரு காசை நம்பி வந்த பெண்ணிடம்கூட, கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலேயே, "ஆட்டம். பஸ்ஸுக்குக் குடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கத் தெரிந்தவர் அவர். உண்மையைச் சொல்வதில் அவருக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது என்று ஊரே பெருமையாகப் பேசிக்கொண்டது. உண்மை அடுத்தவர் காசைப் பற்றியதாக இருக்கும்வரை தாட்சண்யம் எதற்கு?

கவுன்சிலர் தன் மூக்கைத் தூக்கிக்கொண்டு மாடியேறியதுதான் ஆரம்பம். ஆவுடையப்பன் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்து மூக்கை மேலும் கீழும் பார்த்தார். விளிம்பு உருண்டு பருத்திருந்தது, முனை பிளந்திருந்தது. "உம்ம தம்பியக் கூப்பிடும்" என்றார். தம்பிக்கும் அதே இரட்டை, அதே பக்கம், அதே அளவு. தம்பி பிள்ளைகளுக்கும் அதே.

"அச்சு" என்றார் ஆவுடையப்பன்.

அந்த ஒரு சொல் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பரம்பரையிலேயே இரட்டையாக வந்தவர்கள் அச்சுக்காரர்கள், பிறகு எங்கேயோ எப்போதோ ஆடிப்போனவர்கள் ஆட்டக்காரர்கள். அச்சுக்காரர்களுக்குக் கோயிலில் முதல் மரியாதை, கல்யாண வீட்டில் முதல் பந்தி. தங்கள் தாத்தாவுக்கும் பூட்டனுக்கும் அந்தக் காலத்திலேயே இரட்டை இருந்தது, வெள்ளைக்காரனே பார்த்து வியந்தான் என்று கதைகள் முளைத்தன. ஒற்றைக் கோட்டோடு மாலை போட்டுச் சுவரில் தொங்கிய தாத்தாக்களுக்கு இரண்டாவது கோடு போட்டுக் கொடுத்தே ஸ்டுடியோக்காரர் ஸ்கூட்டர் வாங்கினார். ஆட்டக்காரர்கள் யாரென்றால், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், இரவுபகலாக லாரி ஓட்டுகிறவர்கள், பாஸாவோம் என்றிருந்து பெயிலான பையன்கள், போனில் சாவுச்செய்தி கேட்டவர்கள். அவர்களுடைய கோடு தட்டையாக இருந்தது, ஆளும் கொஞ்சம் மெலிந்திருந்தார்கள், டெய்லரிடம் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார்கள். இவர்களெல்லாம் எதனால் ஆடிப்போனார்கள் என்று விசாரிக்கலாமே என்று யாரோ கேட்டபோது, அவனும் ஆட்டக்காரன்தான் என்று தெரிந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆவுடையப்பனின் மகள் உலகம்மாளுக்கு இரட்டை வந்தது ஐப்பசியில். உலகு என்று கூப்பிடுவார்கள். பாலிடெக்னிக் முடித்து, ரயில்வே பரீட்சை எழுதி, ரயில் இன்ஜின் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஆந்திராவில் இருக்கிற குந்தக்கல்லில் தை மாதம் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆவுடையப்பன் மகளுக்கு இரட்டை இருப்பதைச் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், லென்ஸை எடுக்கவில்லை, மோரை ஊற்றிக்கொண்டே, "அச்சு" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த மனைவி பிரமு ஒன்றும் சொல்லவில்லை. பிரமு எதற்கும் ஒன்றும் சொல்கிறவள் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் அவளிடம் யாரும் எதையும் கேட்டதும் கிடையாது.

சேதி கேட்டு ஆயில் மில் தீத்தாரப்பன் வந்தார். அவருக்குப் பணம் இருந்தது, கார் இருந்தது, ஒரு மகன் இருந்தான். குடும்பத்தில் இரட்டை மட்டும் இல்லை. மகனுக்குக் கண் மை வைத்து ஒரு கோடு போட்டுப் பார்த்தார், மில்லில் வியர்த்ததும் அது வழிந்து பையன் கரிமூட்டைபோல் வீடு வந்து சேர்ந்தான். பேரப்பிள்ளைகளாவது அச்சாகப் பிறக்கட்டும் என்று உலகைப் பெண் கேட்டார். ஆவுடையப்பன் அன்றைக்கே தலையாட்டிவிட்டார்.

"அப்பா, எனக்கு வேலை இருக்கு" என்றாள் உலகு.

"பொம்பளப் பிள்ளைக்கு இன்ஜின் ஓட்டுததுதான் வேலையா? ஊரு சிரிக்கும்."

"தையில போய்ச் சேரலைன்னா போயிரும்ப்பா."

"போகட்டும்."

எதிர்த்துப் பேசினால் கேட்கிற ஆள் இல்லை அவர். ஆவுடையப்பன் மதிக்கிற வார்த்தை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவருடைய தீர்ப்பு. அதை அவர் சாப்பாட்டு மேஜையிலேயே கொடுத்து முடித்திருந்தார். ஆகவே உலகு நிச்சயதார்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், குந்தக்கல் ஒவ்வொரு நாளாகத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் தீத்தாரப்பன் ஒரு வார்த்தை சொன்னார். எண்ணெய் வியாபாரி அல்லவா, எள்ளை முகர்ந்து பார்க்காமல் செக்கில் போடமாட்டார்.

"தப்பா நினைக்கப்படாது அண்ணாச்சி. வாக்கு உங்களோடது, பொண்ணும் உங்களோடது. வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டா ஊருக்கும் ஒரு நெறவு."

வெளியாள் என்று அவர் கையோடு கூட்டிவந்திருந்தது ஜெபஸ்டினை. பதினெட்டு வருஷமாகச் செயலாளராகவே இருக்கும் ஒருவருக்குத் தலைவரின் வீட்டிலேயே தலைவரின் தீர்ப்பைச் சோதிக்கிற வாய்ப்பு கிடைத்தால் எப்படி வருவாரோ அப்படி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். உலகின் முழங்கை ஓரம் லென்ஸை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தோளைப் பார்த்தார், அவர் முகம் ஒரு மாதிரி போயிற்று.

"என்னவே?" என்றார் தீத்தாரப்பன்.

"இல்ல... ஓரம் கொஞ்சம் தட்டையாத் தெரியுது." சபையில் பாயசத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். "சந்தேகம் வேண்டாம், ஒரு வழி இருக்கு. அச்சுன்னா தாய்க்கும் மகளுக்கும் ஒண்ணு போல இருக்கும். மதினியக் கூப்பிடுங்க."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். "அவளுக்கு எங்கவே இரட்டை? அப்படியிருந்தா எனக்குத் தெரியாதா?"

பிரமு அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூடத்து வெளிச்சத்தில் நின்றாள். அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டிய தேவை இதுவரைக்கும் யாருக்கும் ஏற்பட்டதில்லை. நெற்றியிலிருந்து கணுக்கால்வரை அவளுக்கு இரண்டு கோடு இருந்தது. புரட்டாசியில் வந்த புதுக் கோடு இல்லை அது, படிந்து பழகிய கோடு.

ஜெபஸ்டின் தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் தாயைப் பார்த்தார். "அதே பக்கம்! அதே அளவு! ரெண்டும் வாசப்பக்கமா விலகியிருக்கு, ஒரு நூலு மாறல. அச்சேதான்! அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க, நான்தான் தடுமாறிட்டேன்!"

கூடத்தில் குலவை எழும்பிற்று. இரண்டு தலைமுறை அச்சு! தீத்தாரப்பன் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார், யாரோ சந்தனக் கிண்ணத்தைத் தேடி ஓடினார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் ஆவுடையப்பன் தன் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். இருபத்தெட்டு வருஷமாகத் தன் வீட்டிலேயே கிடந்த அபூர்வத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாமே என்ற ஆசை, சேகரிக்கிறவர்களுக்கு வரும் ஆசைதான். மனைவியின் தோள்பட்டைமேல் லென்ஸை வைத்துக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. ஓரம் படிக்கட்டுபோல் தட்டையாக இருந்தது. உருட்சி இல்லை, முனையில் பிளவு இல்லை. வெளியே தள்ளி நின்ற கோட்டின் அகலம் எவ்வளவோ அவ்வளவும் பிரமுவிடம் குறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற மகளின் தோளைப் பார்த்தார். அவளும் அவ்வளவு குறைந்திருந்தாள்.

"எப்ப இருந்துட்டி இது?" என்று கேட்டார்.

"கல்யாணமாகி மூணாம் மாசம்" என்றாள் பிரமு. "மின்சார வாரியத்துப் பொம்பளைக வாலிபால் டீம்ல என்னைய எடுத்திருக்குன்னு கோச்சர் சார் வாசலுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கா? நான் செருப்பு மாட்டி நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க வாசல்ல நின்னே, அவ வரமாட்டான்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

"நீங்க வாலிபால் ஆடுவீங்களா?" என்றார் தீத்தாரப்பன். எங்கள் எல்லோருக்கும் இருந்த சந்தேகம்தான் அது.

"ஜில்லாவுல என் சர்வீஸை எடுக்க ஆள் கிடையாது" என்றாள் பிரமு, பருப்பு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல.

"நானும் செருப்பு மாட்டித்தாம்ப்பா நின்னேன்" என்றாள் உலகு. "டாக்டர்ட்ட மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கப் போறதுக்கு. இதே வாசல்தான். எங்கயும் போக வேண்டாம், செருப்பைக் கழட்டுன்னீங்க."

சபைக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. அச்சா இல்லையா, பாயசம் உண்டா இல்லையா என்பதுதான் எங்கள் கவலை. ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சந்தனம் வந்துவிடும், ஆயில் மில் சம்பந்தம் முடிந்துவிடும், இரண்டு தலைமுறை அச்சு வீட்டுக்காரர் என்று கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் மகளைப் பார்த்தார். ஜெபஸ்டினைப் பார்த்தார்.

"ஜெபஸ்டின்" என்றார். "ரெண்டு காசுல ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருந்தா அச்சுன்னு யாருவே உமக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"அப்ப நான் பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கேன். மெஷினோட பிடி தளர்ந்து, அதை முடுக்காமலே வச்சு ஓட்டிக்கிட்டிருந்தா, அதுல அடிபடுத காசெல்லாம் ஒரே பக்கமாத்தான் ஆடும். இது ஆட்டம். தாயும் ஆட்டம், மகளும் ஆட்டம். அச்சு மேல ஒரு குத்தமும் இல்ல." லென்ஸைச் சட்டைப்பையில் போட்டார். "மெஷினு நான்."

அப்போதுதான் நாங்கள் அவரைப் பார்த்தோம். ஊரில் பாதிக்குமேல் இரட்டையாகிப்போன அந்தக் கார்த்திகையில் ஆவுடையப்பனுக்கு மட்டும் சுற்றிலும் ஒரே கோடு, சுத்தமான, கனமான கோடு. மெஷினுக்கு என்ன ஆட்டம்? ஆடுவது அதில் மாட்டுகிறதுதானே.

தீத்தாரப்பன் சும்மா எழுந்துபோகிற ஆள் இல்லை. கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "சரி, வந்தது வந்தாச்சு. ஊரு பாத்துட்டுது. ஆட்டம்ங்கதால மேக்கொண்டு ஒரு இருபது பவுனு போட்டிருங்க, நாங்க பெரிய மனசு பண்ணி எடுத்துக்கிடுதோம்."

"நீங்க மனசப் பெருசாக்காண்டாம்" என்றார் ஆவுடையப்பன். "தட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. அவ வேலைக்குப் போறா."

மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டுகளோடு காரேறினார்கள், ஒரு சீப்பு மலைவாழை குறைகிறது என்று திரும்பி வந்து அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜெபஸ்டின் தலைவரானார். பெற்ற மகளையே ஆட்டம் என்று சபையில் சொன்னவனிடம் எவன் போய் நிற்பான் என்று ஊர் அவரிடம் போயிற்று. ஜெபஸ்டின் லென்ஸை வைப்பதற்கு முன்பாகவே அச்சு என்று சொல்லிவிடுவார், அதனால் இன்றைக்கு எங்கள் ஊரில் எல்லோருமே அச்சுக்காரர்கள், தீத்தாரப்பனின் மகன் உட்பட.

தையில் ஒரு காலை, உலகைப் பம்பாய் வண்டியில் ஏற்றிவிட நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனோம். வாழ்த்துவதற்கு என்று சொல்லிக்கொண்டோம், பெண்பிள்ளை தனியாகப் போகிற கூத்தைப் பார்ப்பதற்குத்தான். வண்டி வந்து நின்றது. உலகு படியில் கால் வைத்தாள். மூன்று மாதமாக அவளுக்கு முன்னால் தள்ளி நின்ற கோடு, இவ்வளவு நேரம் இவளுக்காகத்தான் அங்கே நின்றதுபோல, அவளோடு சேர்ந்துகொண்டது. ஒரே பெண்ணாக, கொஞ்சம் சதை போட்டவளாக, அவள் கதவருகில் திரும்பிச் சிரித்தாள். ஆவுடையப்பனும் சிரித்தார். பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது, அவள் கோடு விலகியது விலகியபடியே இருந்தது. அதைப் பார்க்க இப்போது அவருக்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.

"பிரமு" என்றார். "உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

"இந்தப் பைய உள்ள வச்சிட்டு வாரேன், தள்ளுங்க" என்றாள் பிரமு.

பையை வைக்க ஏறினாள். விசில் ஊதிற்று. பச்சைக் கொடி காட்டினார்கள். பிரமு இறங்கவில்லை. வண்டி நகர்ந்தது, ஆவுடையப்பன் கூடவே ஓடினார். "எறங்குட்டி! பிரமு, வண்டி எடுத்துட்டான்!"

அவள் கதவுக் கம்பியைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்தாள். "மாவு பிரிட்ஜுல இருக்கு" என்றாள், சத்தமாக, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி. "ரெண்டு நாளைக்கு வரும். அதுக்கப்புறம் நீங்களே அரைச்சிக்கிடுங்க."

வண்டி வளைவில் திரும்புகிறபோது அவளுக்கு ஒரு கோடுதான் இருந்தது என்று எங்களில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இல்லை, இரண்டும் அப்படியேதான் இருந்தது, வேகத்தில் தெரியவில்லை என்கிறார்கள் மற்றவர்கள். பார்த்துச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள், பிளாட்பாரத்தின் முனையில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.